நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு

கோடு போட்டாச்சு. மணி ரெண்டு இருவது. பேனா மூடி முனையால இடது முழங்கையில இருந்து மணிக்கட்டு வரைக்கும், கீறாம, ரொம்ப அமுக்காம, பள்ளிக்கூட நோட்டுல மார்ஜின் போடுவோம்லா, அப்படி நேரா ஒரே ஒரு கோடு. இப்ப வெள்ளையாத்தான் இருக்கு. ரெண்டு நிமிசத்துல செவக்கும், அப்புறம் சேமியா கணக்கா தடிச்சு எந்திரிக்கும், அரிக்கும், நான் சொறியக் கூடாது. நாலு எண்ணி மூச்ச இழுக்கணும், ஆறு எண்ணி விடணும், கோடு எத்தன நிமிசத்துல அமுங்குதுன்னு கடிகாரத்தப் பாத்து அப்பாயின்மென்ட் டைரியோட கடைசிப் பக்கத்துல எழுதணும். பைத்தியக்காரி வேலதான். ஷட்டரப் பாதி இறக்கி விட்டாச்சு, வெளிய பாளையங்கோட்டை வெயில் ரோட்ட வறுக்கு, உள்ள ஃபேன் மட்டும் ஓடுது, இந்த மத்தியானத்துல ஒருத்தரும் வர மாட்டாங்க. எமல்டா மூணு மணிக்குத்தான் வருவா. நானும் அவளும் சேந்துதான் இந்தப் பியூட்டி பார்லர பதினாலு வருசமா நடத்துதோம், கண்ணாடிக் கதவுல ரெண்டு பேரு பேரும் இருக்கு. போகும்போது பையத் தோள்ல மாட்டிக்கிட்டு, என் மூஞ்சியப் பாக்காம, "வந்து உங்கிட்ட ஒரு விஷயம் பேசணும் ரூத்து"ன்னு சொல்லிட்டுப் போனா. எமல்டா அப்படிச் சொல்லி வச்சிட்டுப் பேசுற ஆளா? நின்ன எடத்துலயே எல்லாத்தையும் கொட்டிட்டுப் போற ஆளு. அவளே நாள் பாத்து நேரம் பாத்துப் பேசப் போறான்னா என்னன்னு எனக்குத் தெரியாதா? இனிமே என் கை ஒரு மூஞ்சியிலயும் படக் கூடாது. அதான் விஷயம். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு.

இழுத்த காத்து எங்கதான் போகுது? நெஞ்சுக்குப் போகுதுன்னு படிச்சிருக்கேன், சரி, அங்க இருந்து ரத்தத்துக்கு, ரத்தத்துல இருந்து எல்லா எடத்துக்கும். அப்பம் இந்தக் கோட்டுக்கும் வருமா? மூக்குல நுழஞ்ச காத்து முழங்கைக்கு வர எத்தன நேரம் ஆகும், டவுன் பஸ்ஸு மாதிரி எல்லா ஸ்டாப்புலயும் நின்னு நின்னு வருமா? விடும்போது அஞ்சு வரைக்கும் லேசா வருது, ஆறுல காலியாகிப் போகுது, ஆறாவது எண்ணுக்கு எங்க இருந்தோ கடன் வாங்குற மாதிரி இருக்கு. இதச் சொல்லிக் குடுத்தது ஆஸ்பத்திரியில இருக்குற தோல் டாக்டரம்மா. சின்ன உருவம், நாற்காலியில உக்காந்தா கால் தரையில எட்டல. என் கையப் பிடிச்சு ஸ்கேல் முனையால ஒரு இழு இழுத்தாங்க, பொசுக்குன்னு எந்திரிச்சு நிக்கு. எனக்கே ஆச்சரியமா இருந்துச்சு, இத்தன நாளா தடிப்பு தானா வருதுன்னுல்லா நினைச்சேன், யாரோ தொட்டுத்தான் வருதுன்னா! டாக்டரம்மா சிரிச்சாங்க. "இது ஒட்டுற வியாதியே இல்லம்மா. உங்களுக்குக் கொஞ்சம் ரோஷக்காரத் தோலு. லேசாத் தொட்டாலும் கோவிச்சுக்கும். மாத்திரை போடுங்க. மனசு பதறுனா இன்னும் கூடும், அதனால தினம் பத்து நிமிசம் இந்த மாதிரி மூச்சு விடுங்க." நான் சும்மா இருப்பனா? "மூச்சு விட்டா தோலு சரியாயிருமா டாக்டர்?"னு கேட்டேன். "சத்தியம் பண்ணித் தர மாட்டேன். மனசு அமரும். மனசு அமந்தா சில பேருக்கு அரிப்பும் அமருது. பாருங்களேன்"னாங்க. சத்தியம் பண்ணிக் குடுத்திருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன். பாருங்களேன்னு சொன்னாங்க பாத்தீங்களா, அதுதான் என்னப் பிடிச்சுக்கிட்டு. ஒரு சீட்டும் எழுதிக் குடுத்தாங்க, இது ஒட்டாது, இவங்க எந்த வேலையும் பாக்கலாம்னு கையெழுத்துப் போட்டு. அது டைரிக்குள்ளதான் இருக்கு. யாரும் கேக்கல, நானும் காட்டல.

செவந்துட்டு. ரெண்டு இருவத்திமூணு. அரிப்பு இன்னும் வரல, வரப் போகுது, வாறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும், பஸ்ஸு திரும்புறதுக்கு முன்னாடி ஹாரன் கேக்குற மாதிரி. நாலு எண்ணி இழு. எந்த மூக்குல வருது? வலது மூக்கு அடச்சிருக்கு, இடதுலதான் வருது. காலையில பல்லு விளக்கும்போது பாத்தேன், அப்பம் வலதுல வந்துச்சு. யாரு இத மாத்தி விடுறது? நாப்பத்தோரு வயசுல எனக்கு ரெண்டு மூக்கு ஓட்டையும் முறை வச்சு வேல பாக்குறது இந்த மாசம்தான் தெரியும். வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன், "கருவாட்ட மொதல்ல விடு, மூக்கப் பொறவு பாப்பம்"னாரு. அவருக்கு எல்லாத்துக்கும் கருவாடுதான் காரணம். மாமியா தேங்காய் எண்ணெய வச்சு ஜெபம் பண்ணிக் கையில தடவி விட்டாங்க, தடவுன விரலு பட்ட எடமெல்லாம் தடிச்சு வந்துச்சு, அவங்க பயந்து போயி ஜெபத்த அப்படியே நிப்பாட்டிட்டாங்க. பாவம். டைரியில இது வரைக்கும் ஏழு கணக்கு இருக்கு. மூச்சு பாக்காம சும்மா இருந்த அன்னைக்கு இருவத்தெட்டு நிமிசம். மூச்சு பாத்த அன்னைக்கு இருவத்தினாலு, அப்புறம் இருவத்தியாறு, அப்புறம் பத்தொம்போது, ஆஹான்னு குதிச்சேன், மறுநாள் முப்பத்தொண்ணு. முப்பத்தொண்ணு வந்த அன்னைக்கு மூச்சுல ஒரு தப்பும் இல்ல, எண்ணிக்கையெல்லாம் சுத்தம், மனசுதான் ஊரச் சுத்திட்டு வந்துச்சு. ஒரு நாளு ரெண்டு கையிலயும் கோடு போட்டேன், இடது கைக்கு மூச்சு, வலது கைக்கு மூச்சு கெடையாது, எது முந்துதுன்னு பாப்பம்னு. பாதியில வந்து நிக்கு கேள்வி, ஏட்டி, வலது கைக்குப் போகாம இடது கைக்கு மட்டும் எப்படி மூச்சு விடுவ? தனியா இந்த நாற்காலியில உக்காந்து வயிறு வலிக்கச் சிரிச்சேன். அன்னைக்கு நேரம் குறிக்கவே இல்ல. இப்ப அரிக்கு.

அரிக்கட்டும். ஆறு எண்ணி விடு. பதினாலு வருசமா ஊராருக்கெல்லாம் மூச்சு விடச் சொல்லிக் குடுக்கிறவ நான், அதுதான் வேடிக்கை. வேக்ஸிங் பண்ணும்போது துணிய ஒட்டிட்டு "மூச்ச இழுங்க மேடம், விடுங்க"ன்னு சொல்லி, விடுற நேரம் பாத்து சடக்குன்னு உரிப்பேன், பாதி வலிதான் தெரியும். மூக்கு மேல கரும்புள்ளி எடுக்கும்போதும் அப்படித்தான். ஃபேசியலுக்குப் படுத்தா ஒவ்வொருத்தி மூச்சும் எனக்கு அத்துபடி. பேங்க்குல வேல பாக்குற அம்மா மூச்ச மேல மேலயே வச்சிருப்பாங்க, நெத்தியில அமுக்கி அமுக்கி பத்து நிமிசம் கழிச்சு ஒரு பெரிய மூச்சு விடுவாங்க, விட்ட ஒடனே கன்னத்துல ரத்தம் ஏறி மூஞ்சி தெளிஞ்சிரும், க்ரீமுனாலன்னு நினைச்சுக்கிட்டுப் போவாங்க. நானும் க்ரீமுன்னுதான் நினைச்சிருந்தேன். போன வாரம்தான் தோணுச்சு, ஒருவேள அந்த மூச்சுதானோ? அப்பம் என் மூச்சு? ஐப்ரோ எடுக்கும்போது நூலோட ஒரு முனை என் பல்லுல இருக்கும், என் மூஞ்சி அவங்க மூஞ்சிக்கு ஒரு ஜாண் தூரத்துல. மொதமொதல்ல வேல பழகும்போதே சொல்லிட்டாங்க, கஸ்டமர் மேல மூச்சுக் காத்து படக் கூடாது, படுறது மரியாத இல்ல. அதனால அடக்கிருவேன். ஒரு புருவம் முடியுத வரைக்கும் அடக்கம், நிமிந்து ஒரு மூச்சு, அடுத்த புருவத்துக்கு அடக்கம். ஒரு நாளைக்கு இருவது பேரு, தீவாளி நேரத்துல நாப்பது. வேல பாக்குற நேரமெல்லாம் நான் மூச்சே விடல. அதனாலதான் தோலு கோவிச்சுக்கிச்சான்னு டாக்டரம்மாகிட்ட கேக்கணும். இல்லம்மான்னுதான் சொல்லுவாங்க. இருந்தாலும் கேக்கணும்.

ரெண்டு முப்பத்திரெண்டு. கோடு நல்லா தடிச்சு நிக்கு, கண்ண மூடிட்டுத் தடவுனாலும் தெரியும். இழு. எமல்டா எப்பவும் சொல்லுவா, உன் கை பட்டா எனக்கு ஒறக்கம் வருதுட்டின்னு. அவ ஐப்ரோவ வேற யாரு கையிலயும் குடுக்க மாட்டா. சின்ன வயசுல சைக்கிள்ல இருந்து விழுந்து இடது புருவத்துக்குள்ள ஒரு தழும்பு, முடி முளைக்காது, அத மூடுறதுக்குப் பக்கத்துல மூணு முடிய நீளமா விட்டு அந்தப் பக்கமா சாய்ச்சு வைப்பேன். பதினாலு வருசத்துல அவளுக்குத் தழும்பு இருக்குன்னு அவ கூடப் படிச்சவங்களுக்கே மறந்து போச்சு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஒரு கல்யாணப் பொண்ணோட அம்மா என் கையப் பாத்து, "இதென்ன, சொறியா?"ன்னு கேட்டுட்டு நாற்காலியில இருந்து மகள எழுப்பிட்டாங்க. எமல்டா ஓடி வந்து, "அவங்க இன்னைக்கு லீவு மேடம், சும்மா எட்டிப் பாக்க வந்தாங்க"ன்னா. ஏப்ரன் கட்டிக்கிட்டு நிக்கிறவளுக்கு லீவு! அடுத்த நாளு கையுறை வாங்கியாந்தா. கையுறை போட்டா நூலு வழுக்குது, நாலு முடி எடுக்க வேண்டிய எடத்துல ஒண்ணு வருது, கஸ்டமர் கத்துதாங்க. "சரி, கொஞ்ச நாளைக்கு முன்னாடி மேசையில இரு, ஃபோன எடு, நாள் குறி"ன்னா. கொஞ்ச நாளைக்குத்தானேன்னு இருந்தேன். பத்து நாளு கழிச்சு ஒரு காலையில உள்ள வந்தா, குட் மார்னிங் சொன்னா. தழும்பு பளிச்சுன்னு தெரியுது. மூணு முடியையும் யாரோ வழிச்சு எடுத்திருக்கா. வளைவு என் வளைவு இல்ல, புருவத்தோட வால ஒட்ட வெட்டி வில்லு மாதிரி தூக்கி விட்டிருக்கா எவளோ. ஒரு தையக்காரிக்கு அடுத்த தையக்காரி தையல் தெரியுமா தெரியாதா? அத எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு எமல்டா என் எதுக்க உக்காந்து இட்லி தின்னா. சாம்பார ஊத்துட்டின்னா. ஊத்துனேன். வேற யாரு என்ன சொன்னாலும் தாங்கியிருப்பேன், அந்தப் புருவம்தான் எனக்குத் தாங்கல, அன்னைக்கு ராத்திரி தலகாணியில மூஞ்சிய வச்சு அழுதேன்.

எண்ணிக்கை எங்க விட்டேன்? மூணா? திரும்பவும் ஒண்ணுல இருந்து. நான் மட்டும் என்ன ரொம்ப யோக்கியமா? பத்தாவது படிக்கையில ஹாஸ்டல்ல அமலோற்பவம்னு ஒருத்தி எனக்குப் பக்கத்துப் பாயி. கை இடுக்கெல்லாம் சொறி, ராத்திரி முழுக்க வரட்டு வரட்டுன்னு சத்தம். ஒரு நாளு அவ குளிக்கப் போன நேரம் பாத்து என் பாயச் சுருட்டி அந்தக் கோடிக்குக் கொண்டு போயிட்டேன். அந்தச் சொறி ஒட்டுற சொறிதான், இப்பவும் சொல்லுதேன், நகந்தது தப்பில்ல. திரும்பி வந்து காலியா கெடந்த எடத்தப் பாத்தா, என்னப் பாத்தா, அவ பாயில சோப்பு டப்பாவ வச்சிட்டுத் தலையத் தொவட்டுனா. நான் புஸ்தகத்தால மூஞ்சிய மறச்சுக்கிட்டேன். "எனக்கு ஒட்டிருமோன்னு பயமா இருக்குட்டி"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவளே கூட, போட்டி, போயி அங்கன படுன்னு சொல்லியிருப்பா. ஏன் சொல்லல? வார்த்தைக்கு என்ன பஞ்சமா? பயம்னு சொன்னா நாம கெட்டவளாயிருவோம்னு ஒரு நினைப்பு, சொல்லாம நகந்தா நல்லவ. இத்தன வருசமா அவள நினைச்சதே இல்ல, இப்ப மூச்ச எண்ண உக்காந்ததுல இருந்து நாலாவது எண்ணுக்கும் அடுத்த ஒண்ணுக்கும் நடுவுல வந்து வந்து நிக்கா. எமல்டாவும் அப்படித்தான் புஸ்தகத்துக்குப் பின்னால இருக்காளோ? கேட்டுரலாம். கேட்டா இல்லன்னு சொல்லிட்டான்னா? ஆமான்னு சொல்லிட்டான்னா? எது பெரிய பயம்னு எனக்கே தெரியல. விடு. நாலு, அஞ்சு, ஆறு.

ஷட்டர் கரகரன்னுச்சு. மூணு ஆகல, ரெண்டு நாப்பத்தாறுதான். எமல்டா குனிஞ்சு உள்ள வந்தா, நெத்தியெல்லாம் வேர்வை, கையில பழ ஜூஸ் பாக்கெட்டு ரெண்டு. வந்தவ அப்படியே நின்னுட்டா.

"என்னட்டி கையில?"

"கோடு."

"யாரு போட்டது?"

"நாந்தான். எப்ப போகுதுன்னு பாக்கேன்."

முழுக் கதையும் சொன்னேன், டைரியக் காட்டுனேன். பத்தொம்போதையும் முப்பத்தொண்ணையும் பாத்துட்டு, இதென்ன கிரிக்கெட் ஸ்கோரான்னு கேட்டா. அப்புறம் ஜூஸ மேசையில வச்சிட்டுத் தன் கைய நீட்டுனா.

"எனக்குப் போடு பாப்பம்."

போட்டேன். வெள்ளையா ஒரு இழை, நாங்க ரெண்டு பேரும் குனிஞ்சு பாத்துக்கிட்டே இருக்கும்போது காணாமப் போயிட்டு.

"எனக்கு ஒண்ணும் வரலயே?"

"உனக்கு எப்படி வரும்? உனக்கு எருமத் தோலு."

சிரிச்சா. சிரிச்சுக்கிட்டே இருந்தவ சட்டுன்னு நிப்பாட்டி ஜூஸ் பாக்கெட்ட நகத்தி நகத்தி வச்சா. "ரூத்து, திங்கக்கிழமையில இருந்து ஒரு பொம்பள வாறா. த்ரெட்டிங்குக்கு மட்டும். நீ மேசையப் பாத்துக்கிட்டா…"

"உன் ஐப்ரோவ எடுத்தாளே, அவளா?"

அவ கை தானா புருவத்துக்குப் போயிட்டு. மறைக்கா! பதினாலு வருசம் நான் வரஞ்ச எடத்த எங்கிட்டயே மறைக்கா.

"எப்பம் தெரியும் உனக்கு?"

"நீ குட் மார்னிங் சொல்லுறதுக்கு முன்னாடியே தெரியும்."

"ஏன் கேக்கல?"

"நீ ஏன் சொல்லல?"

"கஸ்டமர் ஒரு மாதிரி பாக்காங்கன்னுதான்…"

"கஸ்டமர் கெடக்காங்க எமல்டா!" என் சத்தம் எனக்கே பெருசாக் கேட்டுச்சு. "ரோட்டுல போறவ பயப்படட்டும், கல்யாணப் பொண்ணோட அம்மா பயப்படட்டும், அவங்களுக்கு என்னத் தெரியாது. நீ பயந்தியா? அத மட்டும் சொல்லு. ஆமான்னாலும் சரி, சொல்லிட்டுப் போ."

எமல்டா கண்ணாடியப் பாத்தா, தரையப் பாத்தா, பாக்குறதுக்கு எடமில்லாம கடைசியில என்னப் பாத்தா.

"பயந்தேன். எனக்கும் ஒட்டிரும்னு பயந்தேன். மூஞ்சியில வந்துட்டா என்ன செய்யன்னு பயந்தேன். பஸ்ஸு ஏறி யாருக்கும் தெரியாத கடையில போயி எடுத்துட்டு வந்தேன். வரும்போதே எம்மேல எனக்கு அருவருப்பா இருந்துச்சு ரூத்து. அதச் சொல்ல வாய் வரல."

ரெண்டு மாசமா இதத்தான் கேக்கக் காத்திருந்தேன் போல. கோவம் வரும்னு பாத்தேன், வரல. டைரிய விரிச்சு டாக்டரம்மா சீட்ட எடுத்து நீட்டுனேன். மடிப்பு கூடக் கலையாம இருந்துச்சு.

"இத மொத நாளே காட்டியிருக்கலாம்லாட்டி?"

"நீ வந்து கேக்கணும்னு வச்சிருந்தேன்."

"நான் கேக்காமப் போயிருந்தா?"

"இப்படியே வச்சிருந்திருப்பேன். எனக்கும் ரோஷம்தான்."

அவ சீட்ட வாங்குனா, பிரிக்கல. படிக்காமலே மடிச்சு எந்திரிச்சுப் போயி கண்ணாடி மேசையில, சீப்புக்குப் பக்கத்துல வச்சா. திங்கக்கிழமை வாறவள என்ன செய்யன்னு ரெண்டு பேரும் பேசல. செருப்பக் கழட்டிட்டு நாற்காலியில ஏறி உக்காந்தா, தலையப் பின்னால சாச்சா, நான் சொல்லாமலே ஒரு விரல இமை மேலயும் ஒரு விரல நெத்தியிலயும் வச்சு இடது புருவத்த இழுத்துப் பிடிச்சுக்கிட்டா. நான் கையக் கழுவிட்டு வந்தேன். வெறுங்கை. நூல்கண்ட எடுத்து, ஒரு முழம் இழுத்து, முறுக்கி, முனையப் பல்லுல கடிச்சுக்கிட்டுக் குனிஞ்சேன். மூடுன கண்ணு ரெண்டுல இருந்தும் தண்ணி எறங்கிக் காதுக்கு ஓடிக்கிட்டு இருந்துச்சு.

நூல வாயில இருந்து எடுத்துட்டுச் சொன்னேன், "ஏட்டி, நான் இன்னும் நூலே வைக்கல."